படத்தில் சொன்ன பதில்

ரேணுகாம்பாளுக்கு நர்ஸ் படிப்பு கிடையாது. கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவள், அவ்வளவுதான். ஆனால் கம்பெனி கொடுத்த நீலக்கரை வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, தோளில் பித்தளை வில்லையைக் குத்திக்கொண்டு தெருவில் இறங்கினால் திருவண்ணாமலையில் பாதிப் பேர் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மீதிப் பேர் கம்பெனியம்மா என்றார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை. கூப்பிட்டால் கூப்பிடட்டும், நீங்களாக மறுக்க வேண்டாம் என்று வேலூரில் நடந்த மூன்று நாள் பயிற்சியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கம்பெனி குழந்தைகளுக்கான பால்பவுடர் விற்றது. கம்பெனி எங்கே இருக்கிறது என்று ரேணுகாம்பாளுக்குச் சரியாகத் தெரியாது. பம்பாய் என்றார்கள், அதற்கும் மேலே சீமையில் ஒரு பெரிய கம்பெனி என்றார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாதம் இரண்டு தரம் வேலூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் சூப்பர்வைசர் சுப்பிரமணிதான்.

வேலை பார்க்க சுலபமானது. பிள்ளை பெற்ற வீடு எது என்று விசாரித்துப் போக வேண்டும். வாசலில் நின்று ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிப் பார்த்து, கொஞ்சம் எடை கம்மியா இருக்கே என்று சொல்ல வேண்டும். பிறகு வெந்நீர் வைக்கச் சொல்லி, பாட்டிலைக் கொதிக்கவைத்துக் கழுவி, தட்டையாக நாலு கரண்டி பவுடர் போட்டுக் கலக்கிக் காட்ட வேண்டும். முதல் டப்பா இலவசம். கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கிற படம் போட்ட டப்பா. மாதம் இத்தனை புது வீடு என்று கணக்கு உண்டு. வீட்டுக்காரியின் பெயரையும் ஊரையும் ஒரு மஞ்சள் அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும்.

"உங்க புள்ளைக்கு இன்னா குடுக்கறீங்கன்னு எவளாவது கேப்பா," என்று சுப்பிரமணி முதல் நாளே சொல்லியிருந்தார். "கட்டாயம் கேப்பா. அப்ப யோசிக்கக் கூடாது. இதான்னு டப்பாவத் தொட்டுக் காட்டணும்."

"குடுக்காதவங்க, சார்?"

"குடுக்காதவங்கன்னு நம்ம கம்பெனில யாரும் இல்லம்மா," என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. வெயிலில் வந்தவளுக்கு சோடா வாங்கிக் கொடுப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே ரேணுகாம்பாளுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் டப்பா கொடுப்பதற்காக உட்கார்ந்திருப்பாள். உள்ளே குழந்தைகள் வார்டில் கண் குழிந்து, தோல் சுருங்கி, குளுக்கோஸ் ஏறிக்கொண்டு கிடக்கும் பிள்ளைகளைப் பார்ப்பாள். கட்டிலுக்கடியில் பாட்டில் உருண்டு கிடக்கும். அதில் சில வீடுகள் அவள் போன வீடுகள். வெந்நீர் வைக்க விறகில்லாத வீடுகள். ஒரு டப்பாவை ஒரு மாதத்துக்கு இழுத்தவர்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

அதனால்தான் எண்பதாம் வருஷம் ஆவணியில் தனக்குக் காசி பிறந்தபோது அந்தப் பவுடரை அவள் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. காலையில் பால் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டு ராணியம்மாளிடம் பிள்ளையை விட்டுப் போவாள். உள்ளூரில் வேலை என்றால் மத்தியானம் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். வெளியூர் போன நாட்களில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். வெள்ளைப் புடவையில் ஈரம் தெரியக் கூடாது என்று ரவிக்கைக்குள் நாலாக மடித்த பழந்துணியை வைத்துப் பின் குத்திக்கொள்வாள். துணி நனைந்து கனக்க, எதிரில் உட்கார்ந்திருக்கும் பச்சை உடம்புக்காரியிடம், தாய்ப்பாலில் சத்து கம்மி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்து அந்தத் துணியை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசுவாள். புருஷன் முருகையன் அதைப் பார்ப்பான், ஒன்றும் கேட்க மாட்டான். அவன் ரைஸ்மில்லில் நெல் அவிப்பவன். விடியற்காலையில் போய் ஆவியில் வெந்து, பொழுது சாய வருகிறவன். அவள் வேலை போனால் வீடு என்னவாகும் என்று அவனுக்கும் தெரியும்.

முருகையனின் தங்கை உண்ணாமலையை அடி அண்ணாமலையில் கொடுத்திருந்தது. புருஷன் இருசப்பன் கல் உடைக்கிறவன். உண்ணாமலை மல்லாட்டைக் கிடங்கில் நிலக்கடலை உடைக்கும் வேலை செய்தாள். பத்து இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விதைக்கான மல்லாட்டையைக் கையால் உடைத்து, சொத்தையும் சுருங்கலும் தள்ளி, முழுப் பருப்பைத் தனியாகப் பிரிப்பார்கள். கட்டை விரல் நகத்துக்கடியில் செம்மண் ஏறி நிரந்தரமாகத் தங்கியிருக்கும். கிடங்குக்குள் குழந்தையைக் கொண்டுவர விட மாட்டார்கள். குழந்தை அழுதால் கை நின்றுபோகிறது என்பது கிடங்குக்காரர் கட்டளை.

உண்ணாமலைக்கு அடுத்த மாசியில் பெண் பிறந்தது. ரேணுகாம்பாள் பத்தாம் நாள் பார்க்கப் போனாள். மாத முடிவு. மஞ்சள் அட்டையில் ஒரு பெயர் குறைந்திருந்தது.

"முப்பது நாளு ஆனதும் வேலைக்குப் போயாவணும் அண்ணி," என்றாள் உண்ணாமலை. "இத இன்னா பண்றதுன்னே தெரியல. பால் நெறைய இருக்குது. ஆனா கெடங்குக்காரன் வுட மாட்டான். உன் டப்பா குடுக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வீட்டில் ஒரே ஒரு சட்டி, ஒரே அடுப்பு. தண்ணீர் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து. எல்லாம் ரேணுகாம்பாள் கண் முன்னாலேயே இருந்தன. பால் நிறைய இருக்கிறது என்று அவளே சொல்கிறாள்.

"காசிக்கு இதான அண்ணி?" என்று உண்ணாமலை கேட்டாள்.

ரேணுகாம்பாள் யோசிக்கவில்லை. "இதான்," என்று டப்பாவைத் தொட்டுக் காட்டினாள்.

உண்ணாமலையின் முகம் தெளிந்தது. "நீ படிச்சவ. நீ குடுக்கறன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் களி கிண்டி அண்ணிக்குப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ரேணுகாம்பாள் அட்டையை எடுத்து உண்ணாமலை, அடி அண்ணாமலை என்று எழுதினாள்.

இலவச டப்பா தீர்ந்தபோது உண்ணாமலைக்குப் பால் வற்றிவிட்டது. அதற்குப் பிறகு கூலியில் டப்பா வாங்கினாள். நாலு கரண்டி இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. ஆடி மாதம் காற்று அடித்து, கிணற்றில் தண்ணீர் கலங்கலாக இறங்கிய சமயத்தில் குழந்தைக்கு பேதி கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த மூன்றாம் நாள் இறந்துபோயிற்று. ஐந்து மாதம்.

கடைசி நாள் ரேணுகாம்பாள் கட்டிலருகே நின்றிருந்தாள். வெள்ளைப் புடவை கட்டாமல் வந்திருந்தாள். வார்டில் இருந்த ஒரு பெண்மணி பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு உண்ணாமலையைத் திட்டினாள். "இத இப்பிடித்தான் கழுவுவியா? பவுடர இவ்ளோ தண்ணியாவா கலக்குவ? புள்ளய நீதாம்மா கொன்ன."

உண்ணாமலை அண்ணி பக்கம் திரும்பினாள். "நீ சொன்ன மாதிரி நாலு கரண்டி போடாம வுட்டுட்டேன் அண்ணி. எங்கண்ணன் மொகத்தப் பாக்க முடியல."

ரேணுகாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

*

பெரிய தெருவில் பை, குடை விற்கும் மொய்னுதீன் பாயின் மகன் ரியாசுதீன் மெட்ராஸில் கேமரா படித்தவன். சினிமாவில் உதவியாளனாக இருந்துவிட்டு, அங்கே பிடிக்காமல் வந்துவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் இரவல் கேமரா ஒன்றோடும், ஸ்டூடியோக்களில் மிஞ்சிய துண்டுப் பிலிமோடும் ஊருக்கு வந்தான். பால்பவுடர் கம்பெனிகள் வீடு வீடாக வந்து என்ன செய்கின்றன என்று ஒரு சின்னப் படம் எடுக்கப்போவதாகச் சொன்னான். பள்ளிக்கூடத்து டீச்சர் சரோஜா கூடவே டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளை போன வீடுகளாகத் தேடிப் போனார்கள். அப்படித்தான் உண்ணாமலையிடம் வந்தார்கள்.

உண்ணாமலை அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினாள். "நான் தனியா பேச மாட்டேன்னு சொல்லிட்டேன். நீ பக்கத்துல இரு."

ஞாயிற்றுக்கிழமை. வெயில் மலைப் பாறையில் பட்டு ஊருக்குள் திரும்பியடித்தது. ரேணுகாம்பாள் சாதாரணப் புடவையில் போயிருந்தாள். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்ற கேள்வி வரும் என்று பயந்துதான் போனாள்.

தையல் மிஷின் ஓடுவதுபோல் கேமரா சத்தம் போட்டது. உண்ணாமலை பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, காலி டப்பாவில் கரண்டியை விட்டு, எப்படிக் கலக்கினாள் என்று செய்து காட்டினாள். கரண்டியில் பாதி வரைக்கும் விரலால் கோடு போட்டாள்.

"இவ்ளோதான் போடுவேன். டப்பா சீக்கிரம் தீந்துடக் கூடாதுல்ல. எம்மேலதான் தப்பு."

"இந்தப் பவுடர் குடுக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று ரியாசுதீன் கேட்டான்.

"எங்க அண்ணிதான். கம்பெனில இருக்காங்க. அவங்க புள்ளைக்கே அதான் குடுக்கறாங்க. அந்தப் புள்ள குண்டா இருக்குது. கலக்கத் தெரிஞ்சி கலக்கினாங்க."

கேமரா மெதுவாகத் திரும்பியது. ரியாசுதீன் குரலை உயர்த்தவில்லை. "அக்கா, நீங்க உங்க புள்ளைக்கு இன்னா குடுத்தீங்க?"

ரேணுகாம்பாள் கேமராவின் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவளும் பின்னாலிருந்த வாசற்படியும் சின்னதாகத் தெரிந்தன. பக்கத்தில் உண்ணாமலை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதான்," என்றாள் ரேணுகாம்பாள்.

இன்னும் கொஞ்ச நேரம் மிஷின் ஓடிவிட்டு நின்றது.

அடுத்த வாரம் சுப்பிரமணி வந்தார். யார் சொன்னார்களோ, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தனக்கு வேலை போய்விடும் என்றே ரேணுகாம்பாள் நினைத்தாள். அவர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"நல்ல பதில் சொன்னீங்கம்மா. அவங்க படத்துலயே நம்ம ஆளு. அந்தப் படம் ஊருக்கு வந்தா போயி உக்காந்து பாருங்க. இன்னா காட்றாங்க, யார் யார் வர்றாங்கன்னு வந்து சொல்லுங்க."

அந்த சோடாவை அவளால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

*

ஐப்பசியில் படம் வந்தது. இருபத்திரண்டு நிமிஷப் படம், கறுப்பு வெள்ளை. எந்தத் தியேட்டரிலும் போட மாட்டார்கள். தேரடிப் பக்கம் ஒரு கல்யாண சத்திரத்தை சரோஜா டீச்சர் கேட்டு வாங்கியிருந்தாள். மத்தியானம் மூணு மணிக்கு ஜன்னல்களையெல்லாம் சாக்கு வைத்து அடைத்து இருட்டாக்கினார்கள். வெளியே தூறல். ஈரச் சாக்கின் வாடையும் கூட்டத்தின் புழுக்கமும் சேர்ந்துகொண்டன. எழுபது எண்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பலர் இடுப்பில் குழந்தை.

அன்றைக்கு ராணியம்மாள் ஊரில் இல்லை. அதனால் ரேணுகாம்பாள் காசியையும் தூக்கிக்கொண்டு போனாள். உண்ணாமலை முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைத்திருந்தாள். "இங்க வா அண்ணி," என்று பாயைத் தட்டினாள். தன் முகம் திரையில் வரும் என்று அவளுக்கு வெட்கமும் கலக்கமுமாக இருந்தது.

விளக்கை அணைத்ததும் காசி பயந்து அழப் பார்த்தான். திரையில் தெருக்கள் வந்தன. டப்பாக்கள் அடுக்கிய கடை வந்தது. ஏதோ ஒரு ஊரில் வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி ஒரு வீட்டுக்குள் நுழைகிற முதுகு வந்தது. பிறகு உண்ணாமலை வந்தாள். கரண்டியில் கோடு போட்டாள். எம்மேலதான் தப்பு என்றாள். கூட்டத்தில் ச்சு ச்சு என்ற சத்தம் எழுந்தது. பாயில் உட்கார்ந்திருந்த உண்ணாமலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போது காசி தூக்கக் கலக்கத்தில் தாயின் மாராப்பை விலக்கினான். இரண்டு வயதுப் பிள்ளை. இருட்டானால் பால் குடித்துத் தூங்கிப் பழகியவன். ரேணுகாம்பாள் அவன் கையைத் தள்ளினாள். அவன் சிணுங்கி மறுபடியும் கையை விட்டான். திரையில் ரேணுகாம்பாளின் முகம் பெரிதாக வந்தது. அக்கா, நீங்க உங்க புள்ளைக்கு இன்னா குடுத்தீங்க?

"இதான்," என்றது திரை.

திரை வெளிச்சம் பாயில் விழுந்தது. காசி ஒரு கையால் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு, வாய் வைத்து, பழக்கப்பட்டவனாகக் குடித்துக்கொண்டிருந்தான். விழுங்கும் சத்தம் கேட்டது. உண்ணாமலை திரையை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் இருக்கா உனக்கு?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

ரேணுகாம்பாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சும்மா சப்புது, பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

"இருக்குது," என்றாள்.

"எப்பத்திலேர்ந்து?"

"பொறந்ததிலேர்ந்து."

"எனக்கு டப்பா ஆரம்பிச்ச இருபது நாள்ல வத்திப்போச்சி," என்றாள் உண்ணாமலை. கணக்கைச் சரிபார்க்கிறவள்போலச் சொன்னாள். பிறகு திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

படம் முடிந்து சாக்குகளை இழுத்தார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது. யாராவது பேசுங்கம்மா என்று சரோஜா டீச்சர் கேட்டாள். அப்புறம் முன்வரிசையில் ஒரு பெண், கையில் ஆறேழு மாதக் குழந்தை, எழுந்திருக்காமலே கேட்டாள்.

"அந்தக் கம்பெனியம்மா புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே. அதுவும் அதான குடிச்சிது? அப்ப பவுடர் மேல இன்னா தப்பு? கலக்கினவ மேலதான தப்பு?"

நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். நாங்களும் தான் குடுக்கறோம் என்றாள் ஒருத்தி. சரோஜா டீச்சர் தண்ணீர், விறகு, விலை என்று ஏதேதோ விளக்கிப் பார்த்தாள். கூட்டத்தின் கண் உண்ணாமலை மேல் இருந்தது. அவள் தலை குனிந்து, கட்டை விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பக்கம் பேசுவதற்கு அவளுக்கு இப்போது ஒரு வார்த்தை கிடைத்திருந்தது. ஆனால் அதை அவள் சொல்லவில்லை. அண்ணியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதைத்தான் ரேணுகாம்பாளால் தாங்க முடியவில்லை. அவள் எழுந்தாள். காசி இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். ரவிக்கை நனைந்திருந்தது. அன்றைக்குத் துணி வைத்துக்கொள்ளவில்லை.

"படத்துல இருக்கற கம்பெனியம்மா நான்தான்," என்றாள். "நான் சொன்னது பொய். எம் புள்ளைக்கு நான் ஒரு கரண்டி பவுடர்கூட குடுத்தது இல்ல. எம் பால்தான் குடுத்தேன். இப்பவும் குடுக்கறேன். ஆஸ்பத்திரில புள்ளைங்க சாவறதப் பாத்தேன், அதனாலதான் குடுக்கல. தெரிஞ்சிதான் உங்க வீட்டுக்கெல்லாம் வந்தேன். இவ என் நாத்தனா. அட்டைல ஒரு பேரு கம்மியா இருந்திச்சி. அதுக்காக இவ பேர எழுதினேன்."

முன்வரிசைப் பெண் தன் குழந்தையைப் பார்த்தாள். பிறகு ரேணுகாம்பாளைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்கும் நீதான வந்த," என்றாள். "பாய் விரிச்சி உக்கார வெச்சேன்."

யாரும் கத்தவில்லை. திட்டினால் தேவலாம் போலிருந்தது. உண்ணாமலை எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, தூறலில் இறங்கிப் போனாள். ரேணுகாம்பாள் பின்னாலேயே வாசல் வரைக்கும் போய், "உண்ணாமல," என்று கூப்பிட்டாள்.

அவள் திரும்பினாள். "உங்க புள்ள நனையுது. உள்ள போங்க," என்றாள்.

ரேணுகாம்பாள் கல்யாணமாகி முருகையன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நேருக்கு நேர் பேசும்போது உண்ணாமலை அண்ணியை நீ என்றுதான் சொல்வாள். ரேணுகாம்பாள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள்.

*

வீட்டுக்கு வந்து முருகையனிடம் சொன்னாள். அவன் மில்லிலிருந்து வந்து, வெந்நீரில் குளித்துவிட்டு, தட்டில் கையை வைத்திருந்தான்.

"எல்லார் எதுர்லயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவன் ஒரு வாய் எடுத்தான். மென்று முடிக்க ரொம்ப நேரமாயிற்று. "எனக்கும் தெரியும்ல," என்றான். "அவ காசிக்கு இதான அண்ணான்னு என்னியும் கேட்டா. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கினேன். அத நீ சொன்னியா?"

"இல்ல."

"அப்ப பாதிதான் சொல்லியிருக்க," என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். மறுநாள் மில்லுக்குப் போகாமல் அடி அண்ணாமலைக்கு நடந்தே போனான். இருசப்பன் உட்காரச் சொன்னான். தங்கை அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குடித்த செம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

ரேணுகாம்பாளே வெள்ளைப் புடவைகளைத் துவைத்து மடித்து, வில்லையை மேலே வைத்து சுப்பிரமணியிடம் கொடுத்தாள். அவர் அன்றைக்கு சிரிக்கவில்லை. "எனக்கும் ரெண்டு பொண்ணுங்கம்மா," என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து பை கடைக்குப் போய் ரியாசுதீனைப் பார்த்தாள். "தம்பி, நான் பேசினத மாத்தி எடுக்க முடியுமா?"

"கேமராவத் திருப்பிக் குடுத்தாச்சிக்கா. பிலிமும் இல்ல. இருக்கறது ஒரே பிரிண்ட்டு." கடைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "நீங்க சொன்னது பொய்னு எனக்கு அப்பவே தோணிச்சி. உங்க மொகத்தப் பாத்தா பாக்கறவங்களுக்கும் புரியும்னு நெனச்சி வுட்டுட்டேன். அது கெட்டிக்காரத்தனம்னு நெனச்சேன். அன்னிக்கி அந்தம்மா கேட்டதுக்கு அப்பறம் எனக்கே அசிங்கமா போச்சி. வேணும்னா அந்த எடத்த மட்டும் வெட்டிடறேன்."

ரேணுகாம்பாள் யோசித்தாள். "வெட்டாதீங்க," என்றாள். "வெட்டிட்டா நான் பொய்யே சொல்லலன்னு ஆயிடும். இன்னும் எந்தெந்த ஊர்ல காட்டுவீங்க?"

"செங்கம், கீழ்பென்னாத்தூர். அப்பறம் கூப்பிடற எடத்துக்கெல்லாம்."

"நானும் வரேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ப்ரொஜக்டரை ரியாசுதீன் தூக்குவான், திரைத்துணியை அவள் தூக்குவாள். பஸ்ஸில் கடைசி சீட்டில் இடம் பிடிப்பார்கள். பகலில் அரிசி மண்டியில் புடைக்கிற வேலை. படம் இருக்கிற நாளில் காசியை ராணியம்மாளிடம் விட்டுவிட்டுக் கிளம்புவாள். ஒவ்வொரு ஊரிலும் திரையில் தன் முகம் பெரிதாக வருவதைப் பார்ப்பாள். இதான் என்று அது சொல்லும். விளக்கு வந்ததும் எழுந்து, அது நான்தான், அது பொய் என்பாள். ஒரு ஊரில் ஒருத்தி மண்ணை வாரி அவள் மேல் போட்டாள். ஒரு ஊரில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். டீ கொடுத்த ஊர்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சொல்லிச் சொல்லிப் பழகிவிடும் என்று ரியாசுதீன் ஆறுதலாகச் சொன்னான். பழகவில்லை. சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரில் தன்னோடு படித்தவர்கள் முன்னால் சொல்லும்போது குரல் பாதியில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னாள்.

சித்திரையில் அடி அண்ணாமலையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே வேண்டாம் என்று ரியாசுதீன் தயங்கினான். ரேணுகாம்பாள்தான் போகலாம் என்றாள்.

பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூடத்துச் சுவரில் துணி கட்டினார்கள். களத்து வேலை முடித்துவந்த பெண்கள் வேர்வையோடு உட்கார்ந்தார்கள். ஆண்கள் பின்னால் பீடியோடு நின்றார்கள். உண்ணாமலை வர மாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். படம் ஆரம்பித்த பிறகு வந்தாள். ஏழு மாதம். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் நின்றபடியே பார்த்தாள். இருசப்பன் பக்கத்தில் நின்றான்.

படம் முடிந்தது. ரேணுகாம்பாள் எழுந்து துணிக்கு முன்னால் வந்தாள். பன்னிரண்டு ஊரில் சொன்னதை இங்கேயும் சொன்னாள். தெரிந்தே பொய் சொன்னது, அட்டையில் பெயர் எழுதியது, எல்லாம். "என் வூட்டுக்காரருக்கும் தெரியும், அவரும் சொல்லல," என்றாள். அதையும் இப்போதெல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தாள். "நான் குடுத்த டப்பாவால என் நாத்தனா கொழந்த செத்துப்போச்சி," என்று முடித்தாள்.

"கொழந்தன்னா?" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். உண்ணாமலைதான்.

"கொழந்த கொழந்தன்னு சொல்றீங்க. படத்துலயும் கொழந்தன்னுதான் வருது. எல்லா ஊர்லயும் அப்பிடித்தான் சொன்னீங்களா?"

"ஆமா," என்றாள் ரேணுகாம்பாள்.

"அதுக்குப் பேரு வெச்சோம். நீங்களும் வந்திருந்தீங்க. சொல்லுங்க."

ரேணுகாம்பாளுக்குப் பெயர் தெரியும். தொட்டிலில் போட்டு மூன்று தரம் காதில் சொன்னவளே அவள்தான். இருசப்பனைப் பெற்றவள் பெயர், ஒரு முழம்கூட இல்லாத குழந்தைக்கு அவ்வளவு பெரிய பெயரா என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆடி மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது அந்த இடத்தில் நிற்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். வரவில்லை. துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

உண்ணாமலை காத்திருந்தாள்.

"ஜோதியம்மாள்," என்றாள் ரேணுகாம்பாள்.

பின்னால் நின்றிருந்த இருசப்பன் பீடியைக் கீழே போட்டான்.

உண்ணாமலை இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். மன்னித்தவள் முகம் இல்லை அது. ரொம்ப நாள் தூங்காதவளின் முகம். "அடுத்தது எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"போளூரு. வெள்ளிக்கெழம."

"அங்கயும் பேரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.